பேசும் கடிகாரமும் மூன்று முடிச்சும்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 பிப்ரவரி 10

அன்புள்ள அத்தானுக்கு, மாமன் மகள் சூசைமேரி எழுதுவது.

இங்கே அப்பா, அத்தை, நான், அத்தையின் வெள்ளாடு எல்லாரும் சுகம். சைகோனில் நீங்கள் சுகம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பாரிஸ் கடிகாரம் சுகமாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது. அத்தை அதைச் சொல்லியே திட்டித் தீர்த்துவிட்டார். "பெத்தவ எப்பிடி இருக்கறான்னு கேக்கல, கடிகாரத்தப் பத்தி பக்கம் பக்கமா எழுதறான் பாரு உங்க அத்தான்!"

வழக்கம்போல ஜெபமாலை முடிந்ததும் கடிதத்தை உரக்க வாசித்தேன். டெலிபோனில் கூப்பிட்டால் ஓர் ஆள் குரல் மணி சொல்லும், முதல் நாளே ஊர் முழுக்கக் கூப்பிட்டு லைன் அடைத்துக்கொண்டது என்று வாசித்தபோது, அப்பா முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோயில்பிள்ளையாக இத்தனை வருஷம் மணி அடிக்கிறவர் அல்லவா. "அப்ப பாரிசுல கோயில்பிள்ளைங்கல்லாம் சோத்துக்கு இன்னா பண்றானுங்க?" என்று கேட்டார். மறுநாள் திரிகால மணியை அவர் அடித்த அடியில் புறாக்கள் எல்லாம் கோபுரத்தை விட்டு ஓடிவிட்டன.

எனக்கு வேறு பயம் வந்தது. அந்த மனிதர் வீட்டில் தூங்கும்போதும் அவர் குரல் மட்டும் வேலை செய்யும் என்று எழுதியிருந்தீர்கள். அவர் இறந்துபோனால்? அப்போதும் குரல் மணி சொல்லிக்கொண்டே இருக்குமா? அப்படியானால் அவர் ஆத்துமா எப்படி இளைப்பாறும்? இதை அப்பாவிடம் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

நிச்சயத்தன்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன் என்று நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். எனக்கு நேரில் பேச வராது. கடிதத்தில் வருகிறது, அவ்வளவுதான். அம்மா போனதும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புகைப்படம் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். அத்தை அதைத் தேவமாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஜெபம் செய்யும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உங்கள்
சூசைமேரி


சைகோன்
1934 மார்ச் 18

அன்பு சூசை,

நான் சுகம், சுகம், சுகம். மூன்று தரம் எழுதிவிட்டேன். அம்மாவிடம் காட்டு.

கடிகாரக்காரர் ஆத்துமாவைப் பற்றிப் பங்குச் சாமியாரைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், மோட்சத்தின் வாசலில் அவரைப் பார்த்ததும் சாவி வைத்திருக்கிற இராயப்பர் முதலில் மணிதான் கேட்பார்.

இந்த மாதத்துச் செய்தி இது. லண்டனில் ஒரு இரும்பு மனிதனைச் செய்திருக்கிறார்கள். வயசைக் கேட்டால் சொல்கிறானாம், எழுந்து நிற்கிறானாம், துப்பாக்கி சுடுகிறானாம். சோறு கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை. எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் இதைப் பத்திரிகையில் படித்ததிலிருந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

என் வேலை என்னவென்று மாமாவுக்குச் சொல். எக்ஸ்ரே அறையில் உதவியாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி சதையைத் தாண்டிப் போய் எலும்பைப் படம் பிடிக்கும். நோயாளியின் கையையோ காலையோ தகட்டின் மேல் அசையாமல் பிடித்துக்கொள்வது நான். விசையைப் போடுவது டாக்டர். அந்தப் படத்தில் யாரும் அழகில்லை, யாரும் அழகில்லாமலும் இல்லை. போன வாரம் ஒரு கர்னல் மனைவியின் காலும், ரிக்‌ஷா இழுக்கிறவன் காலும் படத்தில் பெயர்ச்சீட்டு மாறிப்போயின. அவனுக்குப் படுக்கையும் சூப்பும் கிடைத்தன. மதாமைத் தினமும் வேகமாக நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு சமையல்காரன் தன் எஜமான் முசியேவின் வெள்ளிப் பொத்தானை விழுங்கிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தான். படத்தில் அது நிலா மாதிரி தெரிந்தது.

நீ இங்கே வந்ததும் உன்னையும் ஒரு படம் எடுக்கிறேன். என்னிடம் ஒன்றையும் ஒளிக்க முடியாது.

உன்
அலெக்சாண்டர்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 ஏப்ரல் 29

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் உரக்க வாசிக்கவில்லை. மற்றதை எல்லாம் வாசித்தேன். அத்தை, "அதுல பாவமும் தெரியுமாடி?" என்று கேட்டார். தெரியாது, எலும்புதான் என்றேன். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "மிஷினு பாக்கறதுக்கு முன்னாடி சாமியாரு கேட்டுக்கட்டும்" என்று மறுநாள் காலையிலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். வெகு நேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அத்தை உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அவர் வேலை செய்யும் மதாம் வீட்டில் பாரிஸ் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தாராம். ரேடியம் போட்ட முகக் களிம்பு. பூசினால் முகம் உள்ளிருந்தே பிரகாசிக்குமாம். "கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்கு ரெண்டு டப்பா வேணும். கன்னியாஸ்திரீ மடத்துத் தையல் அறையில குந்திக் குந்திப் பொண்ணு வெளுத்த துணி மாதிரி இருக்குது" என்கிறார். எனக்கு வேண்டாம். இருட்டில் பிரகாசிக்கும் முகத்தோடு பின்கட்டுக்கு எப்படிப் போவது?

இன்னொரு விஷயம். இது எனக்கு இல்லை. தையல் அறையில் ஒரு பெண் இருக்கிறாள். பீடத்துணியில் பூத்தையல் போடும்போது ஊசி முறிந்து அவள் இடது உள்ளங்கையில், கட்டைவிரலின் அடியில், போய்விட்டது. கொஞ்சம் ரத்தம் வந்து நின்றுவிட்டது. முறிந்த துண்டை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னாளாம்: "உள்ள போன ஊசி சும்மா இருக்காதுடி. ரத்தத்தோட ஓடும். ஓடி ஓடி ஒருநாள் நெஞ்சுல குத்தும்." அதிலிருந்து அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். தோளில் ஒரு வலி வந்தால், ஊசி தோளுக்கு வந்துவிட்டது என்று நினைப்பாள். இடது பக்கமாகப் படுக்கமாட்டாள். மூச்சை இழுத்துவிடக்கூட அவளுக்குப் பயம்.

உங்கள் படத்தில் ஊசி தெரியுமா? தெரிந்தால், அதை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணை யாராவது கல்யாணம் செய்துகொள்வார்களா? அந்தப் பெண் கேட்கச் சொன்னாள்.

உங்கள்
சூசைமேரி


சைகோன்
1934 ஜூன் 20

சூசை,

அம்மாவிடம் சொல். அந்தக் களிம்பு வேண்டாம். அனுப்பமாட்டேன். வேறு யார் கொடுத்தாலும் முகத்தில் பூசக் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. இதில் வேடிக்கை எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இது. ஊசி தெரியும். நன்றாகத் தெரியும். முறிந்த ஊசி பெரும்பாலும் ஓடுவதில்லை. சதை அதைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும், அங்கேயே கிடக்கும். ஆனால் நான் இங்கிருந்து சொல்வதை நம்பி அவள் இடது பக்கம் படுக்கப்போவதில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல். ஒரு தரம் எடுத்தால் ஒன்றும் செய்யாது.

அவளை யாராவது கல்யாணம் செய்துகொள்வார்களா என்று கேட்டாள். அவள் பேனா பிடிக்கும்போது உன்னைப் போலவே 'ழ' கொஞ்சம் நடுங்குகிறது. அவளை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். செய்துகொள்வார்கள்.

கடிதம் சின்னதாகப் போயிற்று. பேனா முனை கெட்டுவிட்டது, எழுத்து பெரிசு பெரிசாக விழுகிறது.

அலெக்சாண்டர்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 ஆகஸ்டு 25

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்ததும் பயம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. அதை முறையாகச் சொல்கிறேன்.

அப்பாவிடம் ஊசியைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன நாளா இத உள்ள வெச்சிக்கினா அப்பம் சுட்டுப் போட்ட?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

இருட்டறை. கல்லறைக்குள் போவது மாதிரி இருந்தது. ஒரு பெரிய கறுப்புக் குழாய் என் கைக்கு மேலே தொங்கியது. மனதுக்குள் அருள்நிறை மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மறந்துவிட்டது. அங்கே வேலை செய்கிறவர் கனமான மேலங்கியும், முழங்கை வரை தடித்த கையுறையும் போட்டிருந்தார். என் கையைத் தகட்டின் மேல் வைத்துவிட்டு, ஒரு தடுப்புக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். அத்தான், நான் ஆண்களிடம் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"நீங்க ஏன் ஒளிஞ்சிக்கிறீங்க?"

"உனக்கு இன்னிக்கி ஒரு தடவ. எனக்குத் தினமும். ஈயத் தடுப்புக்குப் பின்னால நிக்காட்டிக் கதிரு எரிச்சிப்புடும்."

இயந்திரம் ஒரு வண்டு மாதிரி இரைந்து நின்றது. ஒன்றுமே தெரியவில்லை. சூடுகூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. நெருப்பென்றால் சுடும், கையை இழுத்துக்கொள்ளலாம்.

பிறகு படத்தை ஜன்னலில் வைத்துக் காட்டினார்கள். என் எலும்புகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. கட்டைவிரலுக்கு அடியில், மீன்முள் மாதிரி, ஊசி. போன இடத்திலேயே கிடக்கிறது, அத்தான். எங்கேயும் ஓடவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் அப்பா, "மீனு துண்ற பழக்கத்தையே விட்டுடலாம் போல இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று இடது பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். ரேடியத்தைக் கண்டுபிடித்த அம்மாள் ஜூலை மாதத்தில் இறந்துபோனார் என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. அத்தை வேலை செய்யும் மதாம் சொன்னாராம், அந்தக் கதிர்கள்தான் அவர் ரத்தத்தைத் தின்றுவிட்டன என்று. அதே பத்திரிகையில், அமெரிக்காவில் ஒரு வயசான விஞ்ஞானி ஆயிரக்கணக்கான ஆகாயக் கப்பல்களை ஒரே கதிரால் விழத்தட்டுவேன் என்று சொல்கிறாராம். அத்தை அதைக் கேட்டதிலிருந்து ஆட்டை வெளியில் கட்டுவதில்லை. நான் அதற்குப் பயப்படவில்லை. அமெரிக்கா தூரம்.

நீங்கள் நோயாளியின் கையைத் தகட்டின் மேல் பிடித்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு எப்படிப் பிடிக்க முடியும்? உங்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா? புகைப்படத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஏன் கையை வைத்திருக்கிறீர்கள்? முதல் கடிதங்களில் உங்கள் எழுத்து சாய்ந்து, பொடிப்பொடியாக இருந்தது. ஜூன் மாதக் கடிதம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கிறது. பேனா முனைதான் காரணமா?

நான் பயந்துகொண்டே போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். என் கையை எனக்கும் உங்களுக்கும் காட்டிவிட்டேன். இப்போது உங்கள் முறை.

சூசைமேரி


சைகோன்
1934 செப்டம்பர் 30

சூசை, இதை உரக்க வாசிக்காதே.

நீ கேட்டதெல்லாம் சரி. இது இடது கையால் எழுதுவது. ஏப்ரல் கடைசியிலிருந்தே இப்படித்தான்.

கையுறை ஒன்று இருந்தது. அதைப் போட்டால் குழந்தைகள் பயந்து அலறும், அசையும், படம் கெட்டுப்போகும். அதனால் கழற்றிவிட்டுப் பிடிப்பேன். ஒன்றும் சுடவில்லை. நீ சொன்னாயே, அதேதான். முதலில் நகங்கள் கறுத்தன. பிறகு தோல் காய்ந்த சேறு மாதிரி வெடித்தது. வலது கையில் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் புண் வந்தது, ஆறவில்லை. புகைப்படம் எடுத்தபோதே கட்டு போட்டிருந்தேன். உனக்கு இதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் பாரிஸ் கடிகாரம்தான் வந்தது.

நவம்பர் நடுவில் இரண்டு விரலையும் எடுத்துவிடப்போகிறார்கள். எடுத்தால் அதோடு நின்றுவிடுமா, மேலே ஏறுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஊசி ஓடாது என்று உனக்குச் சொன்னேன், அது நிஜம். இது ஓடும் என்று தோன்றுகிறது. தோளில் வலி வந்தால் நானும் இப்போது நினைத்துக்கொள்கிறேன். இருட்டறைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை மருந்துச்சீட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜனவரியில் கல்யாணம் என்று பேசினோம். இந்தக் கையால் தாலிக்கு முடிச்சுப் போட முடியாது. கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஊரில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். உண்மையாகவே.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அலெக்சாண்டர்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 நவம்பர் 4

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன்.

தபால்காரர் அதை அத்தை கையில் கொடுத்துவிட்டார். அத்தை ஓடி வந்து, "வாசிடி, வாசி, ரொம்ப நாளு ஆச்சி" என்று என் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அப்பா எனக்குப் பின்னால் மெழுகுவர்த்திக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்தேன். முதல் வரி, உரக்க வாசிக்காதே. கண் கீழே ஓடிற்று. இரண்டு விரல் என்பது கண்ணில் பட்டது.

"இன்னாடி, வாயத் தொறக்க மாட்டேன்ற?"

நான் இதுவரை பொய் சொன்னதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. "அமெரிக்காவுல ஒரு மிஷினு கண்டுபிடிச்சிருக்காங்களாம் அத்த" என்று ஆரம்பித்தேன். "குழம்புச் சட்டி மேல வெச்சா, உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு அதுவே சொல்லுமாம்."

"வாயால சொல்லுமா?"

"மணி அடிக்குமாம். கம்மின்னா ஒரு தரம், ஜாஸ்தின்னா ரெண்டு தரம்."

"அப்ப மருமவ எதுக்கு?" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "புளிக்கு?"

"புளிக்கு இன்னும் கண்டுபிடிக்கலயாம். அடுத்த வருஷம் ஆவுமாம்."

"நான் அதுக்குள்ள செத்துடப் போறேன். அவன் சுகமா?"

"சுகம், சுகம், சுகம்ன்னு மூணு தரம் எழுதியிருக்காங்க" என்றேன். பழைய கடிதத்து வரி கைகொடுத்தது.

அத்தை சந்தோஷமாகப் போய்விட்டார். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மளிகைக் கடை அன்வருதீன் பாய் அப்பாவை நிறுத்தி, அலெக்சாண்டர் வரும்போது அந்த உப்பு மிஷின் ஒன்று கொண்டுவர முடியுமா, மனைவி ஷரீபா கேட்கிறாள் என்றாராம்.

அத்தை போனபின் அப்பா மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார்.

"எத்தினி விரலு?" என்றார்.

"ரெண்டு."

அப்பா எழுந்து மணி அடிக்கப் போய்விட்டார். அன்று சாயங்கால மணி தாமதமாக அடித்தது. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தரம். பங்குச் சாமியாரே ஜன்னலைத் திறந்து பார்த்தாராம்.

திரும்பி வந்ததும் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவனே வாணாங்கறான். நல்ல புள்ள, அதான் சொல்றான். சைகோனு எங்க இருக்குது, கடலுக்கு அந்தாண்ட. நாளைக்கி அந்த நோவு மேல ஏறிச்சின்னா நீ அங்க தனியா இன்னா பண்ணுவ? எனக்குப் பயமா இருக்குதும்மா. விட்டுடலாமா?"

அத்தான், அப்பா கேட்டால் நான் தலையாட்டுவேன், அல்லது உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு உள்ளே போகவில்லை. எனக்கும் பயம்தான் என்றேன். கப்பலுக்குப் பயம், கடலுக்குப் பயம், அந்த ஊர்ப் பாஷைக்குப் பயம், உங்கள் கையைப் பார்ப்பதற்கும் பயம். ஆனால் விட வேணாம்ப்பா என்றேன். நான் ஊசியோடு இருக்கிற பெண் என்று தெரிந்தும் அவர் ஜூன் மாதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டார், நான் மட்டும் யோசிப்பேனா என்றேன். இவ்வளவும் உரக்கச் சொன்னேன். ஆடு திரும்பிப் பார்த்தது.

அப்பா தன் கையைப் பார்த்தார். பிறகு, "மணிக் கயிறு இழுக்க எட்டு விரலு போதும்" என்றார். "முடிச்சிப் போடறதுக்குத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல. கூடப்பொறந்தவ இருந்தா மத்த ரெண்டயாவது அவ போடுவா. அவனுக்குத்தான் யாரும் இல்லியே."

அதனால் ஒரு காரியம் செய்தேன். என் வலது கை ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, துணியால் இறுகக் கட்டிக்கொண்டேன். தாலிக்கு முறுக்குகிற மாதிரி ஒரு மஞ்சள் சரடு எடுத்து, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. நழுவிற்று. அழுகை வந்தது, உங்கள் கை நினைவுக்கு வந்தது. மறுநாளும் பார்த்தேன். பூத்தையலில் நூல் முனையில் ஒரு முடிச்சுப் போடுவோம், அதற்கு ஆட்காட்டி விரல் இல்லாமலும் முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது கையால் சரட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முனையை மோதிர விரலில் ஒரு சுற்று சுற்றுங்கள். சுண்டுவிரலால் அதைக் கீழே அழுத்திக்கொண்டு, கட்டைவிரலால் முனையை வளையத்துக்குள் தள்ளுங்கள். பிறகு இடது கை மட்டும் இழுத்தால் போதும். அவசரப்பட்டால் வராது. நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டே போடுகிறேன்.

இத்துடன் ஒரு சரடு வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சைப் பாதி போட்டு விட்டிருக்கிறேன், எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு. அவிழ்த்துவிட்டு நீங்கள் போட்டுப் பாருங்கள். புண் ஆறின பிறகுதான்.

அத்தைக்கு நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வாயால் வர வேண்டும். அத்தை பேருக்குத் தனியாக எழுதுங்கள். நான் அதை ஒரு எழுத்து மாற்றாமல் வாசிக்கிறேன்.

உங்கள்
சூசைமேரி


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1934 டிசம்பர் 23

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தைக்கு நீங்கள் எழுதியது இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தது. அறுவைக்கு முந்தின நாள் எழுதினது. ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தேன். அத்தை அலறவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப அந்த உப்பு மிஷினு?"

"பொய்தான் அத்த."

"பாவி" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே இடத்தில் தடவிக்கொடுத்தார். பாயிடம் என்ன சொல்வது என்று அவருக்கு அதுவும் ஒரு கவலை.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல் வந்தது, கடிதம் வரவில்லை. நான் தையல் அறைக்குப் போய் ஒரே பூவைப் போட்டுப் போட்டுப் பிரித்தேன். அப்பா என்னைக் கேட்காமலே ஓலை வாசிக்கச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். உங்கள் பெயரும் என் பெயரும் கோயில் முழுக்கக் கேட்டன. தடை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினபோது, நான் முக்காட்டுக்குள்ளிருந்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. பின்னால் ஒரு குழந்தை மட்டும் இருமியது.

நேற்று ஒரு சின்னக் கட்டு வந்தது. மேலே விலாசம் கோணல் மாணலாக, பெரிசு பெரிசாக இருந்தது. உங்கள் இடது கை எழுத்தேதான். பிரித்தேன். கடிதம் இல்லை. கட்டை உதறிப் பார்த்தேன், உறையைக் கிழித்து உள்பக்கம் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. மஞ்சள் சரடு மட்டும்.

சரட்டில் மூன்று முடிச்சு இருந்தது.

முதல் முடிச்சு இறுக்கமாக இருக்கிறது. இரண்டாவதில் மருந்துக் கறை. அதைத் தொட்டுக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தேன். புண் ஆறின பிறகு என்றுதானே எழுதியிருந்தேன், ஏன் அவசரப்பட்டீர்கள்? அப்பா அதை வாங்கிக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். மணி அடிக்கப் போனார், நேரத்துக்கு அடித்தார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நோய் மேலே ஏறுமோ என்று தினமும் நினைக்கிறேன். எதற்கும் பயப்படாமல் இருக்க யாராவது ஒரு மிஷின் கண்டுபிடித்தால் முதலில் எனக்கு எழுதுங்கள்.

மூன்றாவது முடிச்சு தளர்ந்திருக்கிறது. ஒரு விரலால் இழுத்தால் இறுகிவிடும். நான் இழுக்கவில்லை. வந்து நீங்களே இழுங்கள்.

உங்கள்
சூசைமேரி